பதினோரு பேர் நிற்கிறார்கள். மற்ற பதினேழு பேர் எங்கே?

கேள்வி: சென்னைக்குத் தெற்கே, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வசிக்கிறேன். வயது 31. ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். பள்ளி நாள்களில் மாவட்ட அளவில் கால்பந்து ஆடியவன். கடந்த ஜூன் மாதம் எங்கள் பிளாக்குகளுக்கு நடுவே உள்ள திடலில் மாலை நேரப் பயிற்சியைத் தொடங்கினேன். 13 முதல் 17 வயது வரையுள்ள 28 பையன்கள் வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளியை விட்டவர்கள். நான்கு மாதம் கழிந்த நிலையில் 11 பேர் தவறாமல் வருகிறார்கள், நன்றாகவும் ஆடுகிறார்கள். பொங்கலையொட்டி நடக்கும் ஒரு போட்டிக்கு அவர்களை அழைத்துப் போக நினைக்கிறேன். இதற்கிடையில் இரண்டு பையன்கள் போதை மாத்திரை போட்டுக்கொண்டு வருவது தெரியவந்தது. மற்றவர்களும் கெடுவதற்குள் அவர்களை நீக்கிவிடு என்கிறார் நண்பர். பிளாக்குக்கு பிளாக் சண்டையும் ஓயவில்லை. பெண் பிள்ளைகள் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘பந்து சோறு போடுமா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தம் படம் போட்ட ஜெர்சி தருவதாகச் சொல்கிறார். கால்பந்து இந்தப் பையன்களை உண்மையிலேயே கரையேற்றுமா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரும்பாக்கம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் என் கண்ணில் பட்டன. 28 பேரோடு தொடங்கியிருக்கிறீர்கள். 11 பேர் நிற்கிறார்கள். அந்த 11 பேரும் நன்றாக ஆடுகிறார்கள் என்பதில் உங்களுக்கு இருக்கும் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் மகிழ்ந்தேன். ஆனால் பதினொன்று என்பது ஒரு கால்பந்து அணியின் எண்ணிக்கை. நீங்கள் தேர்வு எதுவும் நடத்தவில்லை. யாரையும் போகச் சொல்லவும் இல்லை. இருந்தும் நான்கே மாதத்தில் உங்கள் திடல் தானாகவே ஓர் அணியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஆடத் தெரியாதவனையும், வேலைக்குப் போகிறவனையும், கூச்சப்படுகிறவனையும் வெளியே விட்டுவிட்டது. யாருக்காக இதைத் தொடங்கினீர்களோ அவர்களில் பெரும்பாலோர் வராமல் போன 17 பேருக்குள்ளேயே இருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஆகவே உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பதினேழு பேரை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

சமூகப் பணிக்கு வந்த புதிதில், வடசென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் இதே வேலையை நான் செய்தேன். முப்பது பையன்களோடு தொடங்கி, இரண்டாம் ஆண்டில் ஒரு சுழற்கோப்பையை வென்றோம். கோப்பையை மீன்பாடி வண்டியில் நிறுத்தி, மேளத்தோடு தெருவுக்குள் கொண்டுவந்தோம். பெட்டிக்கடையை ஒட்டிய குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மட்டும் இறங்கி வரவில்லை. முதல் நாளிலிருந்து பயிற்சிக்கு வந்தவன் அவன். ஓட்டம் போதாது என்று போட்டி அணியில் நான் சேர்க்காமல் விட்டிருந்தேன். அதன் பிறகு அவன் திடலுக்கு வரவே இல்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டு நானும் போகவில்லை. எனக்கு அடுத்த போட்டியின் கவலை இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவன் இருப்பதாக அவனுடைய அம்மா வந்து சொன்னார். அவன் எப்போது கடைசியாக வந்தான் என்று என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கோப்பை வாங்கிய தேதி அதில் இருந்தது. அவன் நின்றுபோன தேதி இல்லை.

கால்பந்து கரையேற்றுமா என்று கேட்டீர்கள். பந்து பிள்ளைகளைக் கூட்டும்; அதற்கு மேல் அது தானாக எதையும் செய்வதில்லை. இந்தத் துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த பிரிட்டன் நாட்டு ஆய்வாளர் ஃப்ரெட் கோல்ட்டர் போன்றவர்களும், விளையாட்டால் நன்மை உண்டா என்று மொத்தமாகக் கேட்பதை விட, எந்தப் பிள்ளைக்கு, எந்தச் சூழலில், எப்படி நடத்தினால் நன்மை என்று கேட்பதே பயன் தரும் என்கிறார்கள். அனுபவமும் அதையே சொல்கிறது. பையன்கள் கூடும் திடல் ஒன்று இருந்தால், அங்கே மாத்திரை விற்பவனும் வருவான். கட்சிக்கு ஆள் சேர்ப்பவனும் வருவான். அடிதடிக்குக் கூலிக்கு ஆள் தேடுபவனும் வருவான். அவர்களெல்லாம் தவறாமல் வருவார்கள் என்பதால், அவர்களைக் காட்டிலும் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். சொன்ன கிழமையில், சொன்ன நேரத்தில், மழை பெய்தாலும் வந்து நிற்கும் மனிதரை இந்தப் பிள்ளைகளில் பலர் கண்டதில்லை. கூவம், அடையாற்றின் கரைகளிலிருந்து குடும்பத்தோடு அகற்றப்பட்டு, சிலர் கல்வியாண்டின் நடுவிலேயே பெயர்த்து நடப்பட்டவர்கள் அவர்கள். வீடு மாறியது, பள்ளி மாறியது, அம்மா வீட்டு வேலைக்குப் போன தெருக்கள் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போயின. பழைய இடத்தில் அவர்களைப் பெயர் சொல்லி அதட்டிய டீக்கடைக்காரர் இங்கே இல்லை. அந்த இடத்தை நீங்கள் நான்கு மாதமாக நிரப்பியிருக்கிறீர்கள் என்பது சிறிய காரியமன்று. அதனால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம்.

இனி நோட்டுக்கு வருகிறேன். ஒரு கோடு போட்ட நோட்டில் 28 பேரின் பெயரையும் எழுதுங்கள். வந்தவனுக்குக் குறி போடுவதோடு நிறுத்தாமல், வராதவனுக்கு நேரே காரணத்தை எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஒரு பெயருக்கு நேரே அந்தச் சொல் மூன்று முறை வந்துவிட்டால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடி ஏறுவது பயிற்சியை விடக் கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ‘கோச் அண்ணா வீடு தேடி வந்தாரு’ என்ற செய்தி ஒரு பிளாக் முழுவதும் பரவுவதற்கு அரை மணி நேரம் போதும்.

இந்த நோட்டு உங்களுக்கு எதிர்பாராத சில விஷயங்களைக் காட்டும். ஆடி முடியும் வரை வருகை நன்றாக இருந்து, ஆவணி பிறந்ததும் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பையன்கள் ஆர்வம் இழந்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் இலை போட்டு, பரிமாறி, பாத்திரம் ஏற்றி, விடியற்காலையில் கையில் சில நூறு ரூபாயோடு வரும் பையன் மறுநாள் மாலை வரை தூங்குவான். இரண்டு முறை இப்படித் தவறியதும், ‘கோச் திட்டுவார்’ என்ற கூச்சத்திலேயே மூன்றாம் முறை வராமல் விட்டுவிடுவான். புரட்டாசியில் கல்யாணம் இல்லையென்றாலும் அவன் திரும்பாததற்கு அந்தக் கூச்சமே காரணமாக இருக்கும். ஆகவே முகூர்த்த நாள் காலண்டரை வாங்கி உங்கள் கிட் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் பயிற்சிக்கு விடுமுறை விடுங்கள், அல்லது தவறியவனிடம் விளக்கம் கேட்காமல் நேராக ஆட்டத்தில் இறக்குங்கள். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், அப்படி யாராவது போவது தெரிந்தால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் அந்த வீட்டில் அந்தக் கூலி எந்தச் செலவுக்குப் போகிறது என்று முதலில் கேட்டறிந்துவிட்டுப் பேசுவது நல்லது.

வருகையைக் குறைக்கும் இன்னொன்று பசி. மதியம் மூன்று மணிக்கு எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்கு ஓட வரும் பையன் இருபது நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவான். நாம் அதைச் சோம்பல் என்று எழுதிக்கொள்வோம். ஆட்டம் முடிந்த பின் தருவதை விட, தொடங்குவதற்கு அரை மணி முன்னால் ஆளுக்கொரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுங்கள். முடிந்த பின் சுண்டல். புது ஜெர்சிக்கு ஆகும் பணத்தில் பல வாரச் சுண்டல் போடலாம்.

இப்போது அந்த இரண்டு பையன்கள். உங்கள் நண்பர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் அதை ஏற்க வேண்டாம். அவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டும் உங்கள் திடலுக்கு வருகிறார்கள் என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பிடி. நீக்கிய மறுநாளும் அவர்கள் அதே பிளாக்கில்தான் இருப்பார்கள். அதே பையன்களோடுதான் பழகுவார்கள். உங்கள் பார்வை மட்டும் அவர்கள் மேல் இருக்காது. அதற்காகக் கண்டும் காணாமலும் இருக்கச் சொல்லவில்லை. நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் விதி இது: மாத்திரை போட்ட நாளில் ஆட்டம் கிடையாது, ஆனால் திடலை விட்டுப் போகவும் கூடாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நேரம் பார்க்கட்டும், கோல் எண்ணிக்கை எழுதட்டும். நிதானம் தவறிய உடலை ஓட விடுவது ஆபத்து என்பதால் இந்த விதி. தண்டனை என்ற தொனி அதில் வரக் கூடாது. எல்லோர் முன்னிலையிலும் பாக்கெட்டைச் சோதிப்பது, வாயை முகர்ந்து பார்ப்பது போன்றவற்றைத் தவிருங்கள். அளவுக்கு மீறிய மயக்கமோ மூச்சு மந்தமாவதோ தெரிந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பெரும்பாலும் இந்த மாத்திரைகள் கடுமையான வலிக்கு மருத்துவர் சீட்டின் பேரில் தரப்பட வேண்டியவை. சிலர் கரைத்து ஊசியாகவும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஊசி வரை போயிருந்தால், ஊசியைப் பகிர்வதால் மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் தொற்றும் அபாயம் சேர்கிறது. பழகிய உடல் திடீரென்று நிறுத்தும்போது கைகால் முறுக்கும், வியர்க்கும், இரவெல்லாம் தூக்கம் வராது. ‘என் மேல் சத்தியம் செய், இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்’ என்று கேட்டால் பையன் மனதாரச் சத்தியம் செய்வான். மூன்றாம் நாள் உடம்பு தாங்காமல் மீறுவான். மீறிய வெட்கத்தில் உங்களைத் தவிர்ப்பான். சத்தியத்தை விட்டுவிட்டு, 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் நீங்களே முதலில் பேசி, அருகில் எந்த அரசு மருத்துவமனையில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்று கேட்டு, வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு உடன் செல்லுங்கள். பெற்றோருக்குச் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது; ஆனால் பையனிடம் சொல்லிவிட்டு, அவன் உடனிருக்கும்போது சொல்லுங்கள். விற்பவனைப் பற்றிய துப்பைப் பையன்களிடமிருந்து கறந்து காவல் நிலையத்தில் சொல்லும் வேலை உங்களுக்கு வேண்டாம். அந்த ஆபத்து முதலில் பையன்களின் தலையில்தான் விடியும். குழந்தைக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. அந்தச் சட்டத்தின் பார்வையில் உங்கள் இரண்டு பையன்களும் பாதிக்கப்பட்டவர்கள். காவல் துறையினர் விழிப்புணர்வுக்கு வந்தால் அதை அவர்களிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

பிளாக் சண்டைக்கு நான் உலகத்தின் வேறொரு மூலையிலிருந்து ஒரு வழியைச் சொல்கிறேன். 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டார். பத்து நாள் கழித்து, சொந்த ஊரான மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். பந்துக்காக உயிர் போன அந்த ஊரில்தான், அப்போது அங்கே இருந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து, சண்டையிடும் தெருப் பையன்களை வைத்தே ‘அமைதிக்கான கால்பந்து’ என்ற ஆட்டத்தை 1996-இல் தொடங்கினார்கள். அதில் நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, யார் விதியைக் காத்தார்கள், யார் மீறினார்கள் என்று பேச வேண்டும். கோலுக்கு இருப்பது போல நடத்தைக்கும் புள்ளி உண்டு. ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். முதல் கோலைப் பெண் அடித்தால்தான் மற்ற கோல்கள் கணக்கில் சேரும்.

இதை அப்படியே பெரும்பாக்கத்தில் இறக்க முடியாது. ஆனால் நடுவர் இல்லாத ஆட்டத்தை வாரம் ஒருநாள், சனிக்கிழமையன்று, நீங்கள் வைக்கலாம். முதல் மூன்று வாரம் பேச்சு சண்டையில் முடியும். ‘ஹேண்ட்பால்’ என்று ஒருவன் கத்துவான், இல்லை என்று நான்கு பேர் கத்துவார்கள், எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது தீர்ப்புச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பயிற்சியாளருக்கு மிகக் கடினமான பயிற்சி. பிறகு ஒருநாள், சீக்கிரமோ தாமதமோ, ஒருவன், ‘ஆமாண்ணா, என் கையில பட்டுச்சு’ என்று தானாகச் சொல்வான். காவலரைப் பார்த்தால் ஓடவும், எதுவானாலும் இல்லை என்று சொல்லவும் பழகியவன் வாயிலிருந்து அந்த வாக்கியம் வருவதற்கு நான் ஒரு ஆண்டு கூடக் காத்திருந்திருக்கிறேன்.

அணி பிரிக்கும்போது பிளாக் எண்ணை வைத்தோ, அகற்றப்படுவதற்கு முன் வாழ்ந்த பழைய ஏரியாவின் பெயரை வைத்தோ ஒருபோதும் பிரிக்காதீர்கள். சீட்டுப் போட்டுப் பிரித்து, மாதம் ஒருமுறை கலைத்து மறுபடி சீட்டுப் போடுங்கள். தென் மாவட்டங்களில் தெருவுக்கொரு அணி என்று தொடங்கிய கிரிக்கெட்டும் கபடியும், தெரு என்பது சாதியாகவும் இருப்பதால், அரிவாளில் போய் முடிந்த கதைகள் உண்டு. பிரிவினையைப் போக்க வந்த ஆட்டமே பிரிவினைக்குக் கொடியும் நிறமும் கொடுத்துவிடும் என்பதை அங்கே பணியாற்றியபோது நேரில் பார்த்தேன்.

பெண் பிள்ளைகள் மாடிப்படியில் நின்று பார்க்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் நான்கைந்து முறை படித்தேன். பக்கத்துக் கண்ணகி நகரிலிருந்து புறப்பட்ட கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடியதை உங்கள் பிள்ளைகளும் அறிவார்கள். ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னாலே வேலை தர யோசிப்பார்கள் என்ற பேச்சு உலவிய ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நின்றார் அந்தப் பெண். புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற கதையைச் சொல்வார்கள். கேரம் போர்டுக்குத் திடல் வேண்டாம், வெளிச்சம் மங்கும் கவலை இல்லை, துப்பட்டாவைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. கீழ்த்தளத்துப் பொது அறை ஒன்று போதும். பெண் பிள்ளைகளைக் கேட்காமலேயே ‘வாங்க, கால்பந்து ஆடலாம்’ என்று அழைப்பதற்கு முன், என்ன ஆட விருப்பம் என்று அவர்களைக் கேளுங்கள்.

கால்பந்துதான் என்று அவர்கள் சொன்னால், பையன்களின் நேரத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தராமல் தனி நேரம் கொடுங்கள். நாலரை மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்கு முன் முடியும் நேரமாக அது இருக்கட்டும். திறந்திருக்கும் கழிப்பறை ஒன்றைப் பார்த்து வையுங்கள். குடியிருப்பிலேயே இருக்கும் கல்லூரி மாணவி ஒருவரோ, விளையாடிய அனுபவமுள்ள அம்மா ஒருவரோ பொறுப்பில் இருக்க வேண்டும், நீங்கள் தள்ளியிருங்கள். கலந்து ஆடுவது பிற்பாடு தானாக வரும். 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை வென்ற தென்னிந்திய அணி, நான்கு பெண்களும் நான்கு ஆண்களும் சேர்ந்த அணிதான். சென்னையின் கருணாலயா அமைப்பைச் சேர்ந்த பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் போன்ற அடையாள ஆவணங்கள் பிள்ளைகளின் உரிமை என்ற கோரிக்கையையும் அந்தப் போட்டியை நடத்தியவர்கள் முன்வைத்தார்கள். உங்கள் நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கி, யாரிடம் பிறப்புச் சான்று இல்லை, யாருடைய மாற்றுச் சான்றிதழ் பழைய பள்ளியிலேயே கிடக்கிறது என்று எழுதிவைக்கலாம். பள்ளி நின்றுபோனதற்குக் காரணம் படிப்பு ஏறாமை என்று நாம் நினைத்திருக்க, ஒரு ‘டிசி’ வாங்கப் போய்வரும் பேருந்துச் செலவும் அம்மாவின் ஒருநாள் கூலியும்தான் காரணமாக இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

‘பந்து சோறு போடுமா?’ என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள்: பெரும்பாலானவர்களுக்குப் போடாது. வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் இந்திய அணி வரை போனார் என்பது உண்மை. அந்தத் தெருக்களில் பந்து உதைத்த ஆயிரக்கணக்கானவர்களில் அவர் ஒருவர் என்பதும் உண்மை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய அளவில் பதக்கம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திறமை பளிச்சென்று தெரியும் ஓரிருவரை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பிவையுங்கள். அங்கே சேர்வதற்கும் பள்ளிப் பதிவு வேண்டும் என்பதால், படிப்பை நிறுத்தியவனைத் திரும்பச் சேர்க்க அது ஒரு நல்ல சாக்கு. மற்றவர்களின் பெற்றோரிடம், மாலை ஐந்து முதல் ஏழு வரை உங்கள் மகன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள். இரவு வேலை முடித்து வரும் தாய்க்கு அதன் மதிப்பு புரியும்.

பெரிய பையன்களுக்குப் பொறுப்பு கொடுங்கள். கென்யாவின் நைரோபியில், மதாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், தெருவைக் கூட்டிச் சாக்கடையைத் தூர்வாரும் அணிக்கு லீக் அட்டவணையிலேயே புள்ளி சேர்த்தது. சங்கத்து வேலைகளில் உழைத்த பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமாக அந்த உழைப்பு திரும்பி வந்தது. பிள்ளைகளே லீக்கை நடத்தினார்கள். குப்பை அள்ளுவதைப் பெரும்பாக்கத்தில் நான் சிபாரிசு செய்யமாட்டேன்; இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களில் பலர் ஏற்கெனவே ஊர்க் குப்பையை அள்ளியே வாழ்கிறவர்கள். ஆனால் பந்துப் பையின் சாவி, சுண்டல் கணக்கு, சின்னப் பையன்களுக்கு வார்ம்-அப் நடத்துவது ஆகியவற்றை 16, 17 வயதுக்காரர்களிடம் விட்டுவிடலாம். நீங்கள் இரவு ஷிஃப்டில் மாட்டிக்கொள்ளும் நாளில் திடல் திறந்திருக்கும்.

ஜெர்சி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நெஞ்சில் பிரமுகரின் படத்தோடு ஆடும் அணி, தேர்தல் வந்ததும் அவருடைய ஊர்வலத்துக்கு அழைக்கப்படும். எதிர்க்கட்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். ‘அண்ணே, ஜெர்சி இருக்கட்டும், திடலுக்கு ரெண்டு விளக்குப் போட்டுக் குடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். கம்பத்தில் அவர் பெயரை எழுதிக்கொள்ளட்டும். யார் வந்தாலும், ‘திருந்திய சிறுவர்கள்’ என்ற தலைப்பில் பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துப் போட மட்டும் இடம் தராதீர்கள். வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன்: எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கும் நிலையை நீங்களும் உங்கள் உதவியாளர்களும் தவிர்க்க வேண்டும், எப்போதும் பெரியவர்கள் இருவர் இருங்கள். உங்கள் மேல் சந்தேகம் கொண்டு சொல்லவில்லை. நாளை உங்களுக்கு உதவ வரும் எல்லோரையும் உங்களால் அறிய முடியாது.

கடைசியாகப் பொங்கல் போட்டி. போகலாம், ஆனால் இந்த 11 பேரை மட்டும் அழைத்துக்கொண்டு போக வேண்டாம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் 28 என்பது நான்கு அணி. பதினேழில் பாதிப் பேர் திரும்பி வந்தாலே, பெரும்பாக்கத்துத் திடலிலேயே மார்கழியில் ஒரு சிறிய செவன்ஸ் லீக் நடத்தலாம். சீட்டுப் போட்டு அணி பிரித்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லோரும் ஆடியே ஆக வேண்டும் என்று விதி வைத்து நடத்தலாம். அதன் பிறகு வெளிப் போட்டிக்கு அணி போகும்போது, தேர்வாகாதவர்களையும் அதே வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். வேனுக்குப் பணம் போதாவிட்டால் போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

இந்த ஞாயிறு அந்தப் பதினேழு பெயர்களில் முதல் மூன்றை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று வாசலிலேயே கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா, வேலை எங்கே, கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், மற்றதை அவனே சொல்வான். சிலர் வீட்டைக் காலி செய்துகொண்டு பழைய ஏரியா பக்கமே வாடகைக்குப் போயிருப்பார்கள். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர், அழைத்தால் வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். உங்கள் அடுத்த கடிதத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து பதில் சொல்கிறேன்.